தீனதயாளன் குறைத்த வோல்டேஜ்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் என் ஜெராக்ஸ் கடையும் தீனதயாளனின் வீடியோ கடையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவன் இருமினால் எனக்குக் கேட்கும், நான் யாரையாவது வைதால் அவனுக்குக் கேட்கும். நான் வையாத நாளே கிடையாது என்பதால் அவன் பாடுதான் கொஞ்சம் கஷ்டம். ஆதார் அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, "தெளிவா வரணும்க்கா" என்கிறவனை வையாமல் கொஞ்சவா முடியும்?

இப்போதெல்லாம் அவன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் வந்துதான் புலம்புகிறார்கள். "இன்னாக்கா இந்தாளு, கல்யாண வீடியோ குடுத்து மூணு நாளாவுது, மெஷினு இன்னும் பாஸ் ஆவலன்றாரு. மெஷினு இன்னா பரிச்சையா எழுதுது?" ஆமாம், பரீட்சைதான். எந்த வேலையையும் தொடுவதற்கு முன்னால் அந்தக் கணினியை ஒரு முழு நாள் மூச்சிரைக்க ஓடவிடுகிறான். வேலை ஒன்றும் நடக்காது, உள்ளே கணக்கு மட்டும் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு கணக்குத் தப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். தீனாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பைத்தியம் இல்லை. அவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அதில் சரிபாதி என்னால் ஆனது.

அவன் வடக்கனந்தல்காரன். கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அண்ணன்கள் இரண்டு பேரும் கழனியோடு நின்றுவிட, இவன் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தான். நல்ல பிள்ளை, கெட்ட சகவாசம் கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு உண்டு, வேகம். மற்ற கடைக்காரர்கள் ஒரு வாரம் எடுக்கிற கல்யாண வீடியோவை இவன் இரண்டே நாளில் கொடுத்துவிட வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வருவதற்குள் பென்டிரைவ் கைக்குப் போய்விட வேண்டும். அதற்காகக் கணினியின் புராசஸரை அதைச் செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டான். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். யூடியூபில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை, காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே என் காதில் போட்டுவிடுவான். வேண்டாம் என்றாலும் விடமாட்டான்.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். வேகத்தைக் கூட்டினால் புராசஸர் என்கிற அந்தச் சில்லுக்கு வோல்டேஜும் கூட்டிக் கொடுக்க வேண்டும். வோல்டேஜைக் கூட்டினால் சூடாகும். சூட்டுக்குப் பயந்து வோல்டேஜைக் குறைத்துவிட்டால், சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. திடீரென்று பெரிய வேலை வந்து விழும்போது உள்ளே தொய்ந்துவிடும். கழனியில் மோட்டார் போட்டதும் வீட்டில் பல்பு மங்குகிறதே, அதே கதை. பல்பு மங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. சில்லுக்குள் மங்கினால் யாருக்குத் தெரியும்? சில சமயம் கணினி அப்படியே நின்றுபோகுமாம், அது பரவாயில்லையாம். நிற்காமல், கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டே, எல்லாம் சரியாக நடக்கிற மாதிரி ஓடும் பாருங்கள், அதுதான் ஆபத்து. இந்தக் கடைசி விஷயம் மட்டும் அவனுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம். எங்கள் கடைகளுக்குத் தகரக் கூரை, உள்ளே உட்கார்ந்தால் அவிந்துபோவோம். புராசஸரின் சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டது என்று பதறினான். பதறியவன் வேகத்தைக் குறைத்திருக்கலாம். அதற்கு மனசு வரவில்லை. வோல்டேஜை ஒன்று புள்ளி மூன்று இரண்டிலிருந்து ஒன்று புள்ளி இரண்டு நான்குக்கு இறக்கினான். பத்து நிமிஷம் சோதனை ஓட்டிப் பார்த்தான், தாங்கியது. "சூடும் கம்மி, ஸ்பீடும் அப்டியே நிக்குது. பாத்தியாக்கா?" என்று பெருமை வேறு.

அந்த வாரத்தில்தான் செல்லியம்மாள் வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, கூலி வேலைதான். ஒரு மகன், ஒரு மகள். மகள் இசைவாணி, பதினெட்டு வயது, காய்ச்சல் கண்டு ஐந்தே நாளில் போய்விட்டாள். இறப்புச் சான்றிதழுக்காக மகளின் ஆதாரை ஜெராக்ஸ் எடுக்க முதலில் என்னிடம்தான் வந்தாள். ஆதாரில் இருந்தது எட்டு வயதில் பிடித்த படம். வேலை முடிந்ததும் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். "எம்பொண்ணு போட்டோ இதுல மூணு இருக்குங்க. வேற எங்கியும் கெடையாது. முப்பதாம் நாளு படைக்கணும், பெருசா ஒண்ணு போட்டுத் தருவாங்களா?" என்றாள். நான் பக்கத்துக் கடையைக் கைகாட்டினேன்.

தீனதயாளன் போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டான். கார்டு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "எல்லாத்தையும் எறக்கி வச்சுக்கினு கார்ட காலி பண்ணிக் குடுங்க தம்பி. எம்பையன் திருப்பூரு போறான், அவன் போன்ல போடணுமாம்" என்றாள் அவள். இவனும் உள்ளே இருந்ததையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி, அதாவது ஜிப் பண்ணி, கணினியில் வைத்துக்கொண்டு கார்டை அழித்துக் கொடுத்தான். மத்தியானம் இரண்டு மணி வெயில். பின்னால் ஒரு கல்யாண வீடியோ வேறு முழு மூச்சில் தயாராகிக்கொண்டிருந்தது. கட்டிய பொட்டலத்தை அங்கேயே ஒருதரம் அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கார்டை அழித்திருக்கலாம். பார்க்கவில்லை. அவசரம்.

நாலு நாள் கழித்துப் படம் போட உட்கார்ந்தவன் தடுப்புப் பலகையைத் தட்டினான். எட்டிப்பார்த்தால் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். பொட்டலம் அவிழவில்லை. கோப்பு பழுது என்று திரையில் ஒரு வரி. பென்டிரைவில் எடுத்துப் போய் வேறொரு கடைக் கணினியில் போட்டான், அங்கேயும் அதே வரி. செல்லியம்மாளின் பையனுக்கு நைசாகப் போன் போட்டு அந்தக் கார்டைக் கேட்டான். அவன் அதில் இடம் விடாமல் படமும் பாட்டும் ஏற்றிக்கொண்டு திருப்பூர் போய்ச் சேர்ந்திருந்தான்.

"நாளிக்கே போயி சொல்லிடறேன்க்கா. கால்ல வுழுந்தாவது சொல்லிடறேன்" என்றான்.

நான்தான் தடுத்தேன். "இன்னாடா சொல்லுவ? ஒம்பொண்ணு ரெண்டாந்தரமும் செத்துட்டான்னா? அந்தப் பொம்பள தாங்குவாளா? வாய மூடிக்கினு இரு, வேற வழி பாக்கலாம்" என்றேன். சொன்னதோடு நின்றேனா? என் குப்பைக் கூடையைக் கிளறி, அன்றைக்கு எடுத்ததில் மை அப்பி வீணாய்ப்போன ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து நீவிக் கொடுத்தேன். சின்னப் பிள்ளை படத்தைப் பெரிய ஆளாக்குகிற சாப்ட்வேர் வந்திருக்கிறது என்று அவன் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையைப் பத்து நிமிஷத்தில் பதினெட்டு வயதாக்கினான். லட்சணமான முகம்தான் வந்தது. நீள மூக்கு, வரிசைப் பல், வழவழவென்று அகல நெற்றி. பின்னால் நீலத் திரை வைத்து, பட்டுப் பாவாடை தாவணி உடுத்திவிட்டான். கண்ணாடிச் சட்டம் போட்டு நிமிர்த்தி வைத்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சே, என்ன ஜென்மம் நான்.

செல்லியம்மாள் படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தீனதயாளன் மவுஸைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்பொண்ணு இவ்ளோ செவப்பு இல்லீங்களே" என்றாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் நான்தான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப்பார்த்து முந்திக்கொண்டேன். "ஸ்டுடியோவுல எல்லாரையும் செவப்பாதாம்மா போடுவாங்க. எங் கல்யாண போட்டோவுல நானே வெள்ளக்காரி மாதிரிதான் இருக்கேன்."

அது பொய்யும் இல்லை. எங்கள் பக்கத்தில் படம் எடுத்தால் கறுப்பைச் சிவப்பாக்கி, மருவை அழித்து, கன்னத்தை வழித்துத்தான் கொடுப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால்தான் சண்டைக்கு வருவார்கள். தன் படம் தன்னை மாதிரியே இருக்கும் என்று இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தின் மறைவில் நாங்கள் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டோம். "அப்டிங்களா" என்று அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.

அதோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். தீனதயாளனுக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது. சோறு இறங்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்ப்பான்.

"அது யாருக்கா?" என்று ஒருநாள் கேட்டான்.

"எது யாரு?"

"அந்தப் பொண்ணு. அப்டி ஒரு பொண்ணு ஒலகத்துலயே கெடையாது. எவளும் பெக்கல, எவளும் வளக்கல. நாம உருவாக்கி அனுப்பிச்சோம், அது அவங்க வூட்டு செவுத்துல ஏறி ஒக்காந்துகினு கும்புடு வாங்குது. நெசப் பொண்ணு நிக்கறதுக்கு எடமில்லாம வெளிய நிக்குதுக்கா."

அடச்சீ, போய் வேலையைப் பார் என்று விரட்டினேன்.

ஆவணியில் சின்னசேலத்து மண்டபத்தில் ஒரு கல்யாணம் எடுத்திருந்தான். பந்தியில் கடைசி வரிசையில் ஒரு பெண், தலையைத் திருப்பிவிட்டதால் முகம் கலங்கலாக விழுந்திருந்தது. அதைத் தெளிவாக்கச் சொல்லிச் சாப்ட்வேரிடம் கொடுத்திருக்கிறான். தெளிந்து வந்தது அதே முகம். அதே நீள மூக்கு, அதே வரிசைப் பல். காலை பதினோரு மணி, அவன் போட்ட கூச்சலில் என் கையிலிருந்த தாள்கட்டு சிதறிப்போனது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவனே விளக்கினான், முகம் தெரியாத இடத்தில் அந்தச் சாப்ட்வேர் தனக்குப் பழகிய அச்சையே எடுத்துப் பொருத்திவிடுமாம். காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடுமா? எனக்கே போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் நீள மூக்கோடு ஒரு பெண் எதிரே வந்தால் நான் இன்னும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பொட்டலம் ஏன் கெட்டது என்பது அவனுக்கு அதுவரை பிடிபடவில்லை. கல்யாண வீடியோக்களிலும் நடுநடுவே பச்சைப் பச்சையாகக் கட்டம் விழ ஆரம்பித்தது. எங்கள் ஊரில் எது கெட்டாலும் ஒரே பதில்தான், கரண்டு சரியில்லை. மிக்ஸி கருகினாலும் கரண்டு, மோட்டார் புகைந்தாலும் கரண்டு. அவனும் அதையே பிடித்துக்கொண்டான். தெருமுனை டிரான்ஸ்பார்மரைத் திட்டினான். டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தான். அதற்கும் அடங்கவில்லை என்றதும் லைன்மேனைக் கூட்டிவந்தான். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எரநூத்தி இருவத்தெட்டு, சுத்தமா வருதுங்க. செவுத்து வரைக்கும்தான் எங்க வேல. பொட்டிக்குள்ள இன்னா நடக்குதுன்னு நீங்கதான் பாக்கணும்."

அன்று மத்தியானம் அவன் சோதனையைப் பத்து நிமிஷத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டான். நானும் கடையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேலை ஏற ஏற வோல்டேஜ் அவன் வைத்த அளவிலும் நிற்காமல் ஒன்று புள்ளி ஒன்று எட்டுக்குத் தொய்ந்தது. நாற்பத்தோராவது நிமிஷத்தில் ஒரு கணக்குத் தப்பியது. கணினி நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்டு மேல ஒண்ணும் தப்பு இல்லக்கா" என்றான். "செவுத்துல எரநூத்தி இருவத்தெட்டும் பத்தரமா இருந்துச்சு. நான் கொறச்சேனே பாயிண்ட் ஜீரோ எட்டு, அதுலதான் நெசப் பொண்ணு போயிட்டா." சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

புத்தி வந்தவன் அதோடு விட்டிருக்கலாம். வேலைக்கு என்று வேகத்தையும் வோல்டேஜையும் ஒழுங்காகத்தான் வைத்தான். ஆனால் தினமும் மத்தியானம் இரண்டு மணி ஆனால், எல்லாவற்றையும் பழையபடி மாற்றுவான். அதே வேகம், அதே ஒன்று புள்ளி இரண்டு நான்கு. பின்னால் அதே கல்யாண வீடியோவை ஓடவிடுவான். அன்றைக்கு இருந்த சூடு வேண்டும் என்று தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனை நிறுத்துவான். வியர்வை சொட்டச் சொட்ட அந்தப் பொட்டலத்தை அவிழ்க்கப் பார்ப்பான். எந்தத் தப்போடு கட்டினானோ அதே தப்போடு அவிழ்த்தால் அவிழ்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. "அப்டில்லாம் ஆவாதுன்னு எனக்கே தெரியும்க்கா" என்பான். தெரிந்துகொண்டேதான் செய்வான். இப்படி ஒன்றரை வருஷம். தடுப்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பெட்டி இரைவதைக் கேட்டுக்கொண்டே நான் ஜெராக்ஸ் எடுப்பேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன், குப்பைக் கூடை கண்ணில் படும், மூடிக்கொள்வேன்.

போன மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. திருநாவலூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு பழைய பத்திரம் கொடுத்திருந்தார், கீழ்ப்பாதியை எலி கடித்திருந்தது. அந்த இரைச்சல் ஆரம்பித்ததும் பத்திரத்தோடு அப்படியே சுற்றிக்கொண்டு போய் அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

"இத பாருடா. பாதிய எலி துன்னுட்ச்சு. அதுக்காக ஜெராக்ஸ் எடுக்க மாட்டேன்னா சொல்றேன்? இருக்கற வரைக்கும் எடுத்துக் குடுக்கறேன் இல்ல? நீ இன்னாடான்னா முழுசா வந்தாதான் ஆச்சுன்னு அந்தப் பொட்டியப் போட்டு ரோதன பண்ணிக்கினு இருக்க. ஒடஞ்சது ஒடஞ்ச மாதிரியே வெளிய வரட்டும்டா!"

பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பொட்டலம் அவிழ்க்கிற சாப்ட்வேரில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதாம், பழுதான கோப்பைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள் என்று சொல்வதற்கு. உடைந்த கோப்பு யாருக்கு வேண்டும் என்று அவன் அதை இதுவரை தொட்டதே இல்லை. எழுந்துபோய் ஃபேனைப் போட்டான். வோல்டேஜைச் சரியான அளவுக்கு ஏற்றினான். அந்தக் கட்டத்தில் ஒரு டிக் அடித்தான்.

மூன்று படத்தில் இரண்டு வெறும் சாம்பல். மூன்றாவது மேலிருந்து வந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி, குறுகிய நெற்றி, அதில் ஒரு அம்மைத் தழும்பு. அடர்ந்த புருவம். யாரையோ பார்த்துச் சிரிப்பதில் இடுங்கிப்போன இரண்டு கண்கள். மூக்கு தொடங்குகிற இடத்தில் படம் நின்றுவிட்டது, அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் பட்டை. நல்ல கறுப்பு. நாங்கள் சட்டம் போட்டுக் கொடுத்த பெண்ணுக்கும் இவளுக்கும் துளி சம்பந்தம் இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் கடையைப் பூட்டிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினோம். "அடிச்சா வாங்கிக்கணும்க்கா" என்றான். வழியெல்லாம் அது ஒன்றுதான் பேசினான். பஸ் நின்ற இடத்திலிருந்து நாலு மைல் நடை.

செல்லியம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களை அடையாளம் தெரிந்தது. "வாங்க தம்பி, வாங்கம்மா" என்று உள்ளே கூப்பிட்டாள். சுவரில் அந்தப் படம், துளசி மாலையோடு. தீனதயாளன் அதைப் பார்க்கவில்லை. அவள் காலில் விழுந்து, எழுந்திருக்காமலே எல்லாவற்றையும் சொன்னான். வோல்டேஜைக் குறைத்தது, கார்டை அழித்தது, எட்டு வயதுப் படத்தைப் பெரிதாக்கியது. என் பங்கை நான் சொன்னேன். செவப்பாத்தான் போடுவாங்க என்று சொன்னவள் நான்தானே. அவள் முறத்தை விடாமல் பிடித்தபடி கேட்டாள். சொல்லி முடித்ததும் கையை நீட்டினாள். அவன் பிரிண்ட் போட்டு வைத்திருந்த அந்தப் பாதி முகத்தை எடுத்துக் கொடுத்தான்.

பார்த்த உடனே அந்த அம்மைத் தழும்பை விரலால் தடவினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேசினாள்.

"ரெண்டு வருசங்க. தெனைக்கும் அந்தப் படத்துக்கு எதிர்ல ஒக்காந்து பாக்கறேன். பாக்கப் பாக்க எம்பொண்ணு மொகம் எனுக்கு வர மாட்டேன்னுச்சு. பெத்தவளுக்கே புள்ள மொகம் மறந்துபோச்சா, எனுக்கு மூள கெட்டுப்போச்சான்னு பயந்துட்டேன். காச்சலு வந்தப்ப ரெண்டு நாளு பாத்துட்டுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். அந்தக் கோவத்துலதான் எங்கிட்ட மொகத்தக் காட்ட மாட்றான்னு நெனச்சேன். காட்டுடி, காட்டுடின்னு கெஞ்சிக்கினு இருந்தேங்க."

அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

தீனதயாளன் தட்டுத்தடுமாறி எழுந்தான். "கீழ்ப்பாதிய நான் எப்டியாச்சும் எடுக்கப் பாக்கறேம்மா. இப்ப புதுசு புதுசா சாப்ட்வேர் வருது, இந்தக் கண்ண வச்சு மீதிய—"

"வேணாங்க!" என்றாள். அவ்வளவு கோபமான குரலை அவளிடம் நான் எதிர்பார்க்கவில்லை. சாம்பல் பட்டைமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். "இதுல எதுவும் போடாதீங்க. கண்ணு வந்துடுச்சு. மீதி எனுக்குத் தெரியும்."

பிறகு எழுந்து, சுவரிலிருந்த படத்தைக் கழற்றினாள். மாலையை மட்டும் உருவி வைத்துக்கொண்டு, கண்ணாடியை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள். "யாரு பெத்த பொண்ணோ, பாவம். ரெண்டு வருசம் நாந்தான் சோறு வச்சிருக்கேன். தூக்கிப் போட்டுடாதீங்கம்மா" என்றாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.